வகுப்பு, நாற்காலி, பட்டியல்: பாரா எறிதல் வீரரின் பாதையைத் தீர்மானிப்பவை

2016 ரியோ பாராலிம்பிக்கில் தீபா மாலிக் குண்டு எறிந்த தூரம் 4.61 மீட்டர். அதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையும் சேர்ந்தே வந்தது. செய்தியைப் படித்தவர்களில் பலர் உள்ளுக்குள் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்: பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இதைவிடத் தூரம் எறிகிறார்களே, இதில் என்ன சாதனை? வெளியே சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுமில்லை. விடை தெரியாமல் கைதட்டுவதைவிட, கேட்டுத் தெரிந்துகொண்டு கைதட்டுவது வீரருக்கும் மரியாதை.

எட்டு ஆண்டுகள் கழித்து பாரிஸில் ஹோகாடோ செமா குண்டு எறிதலில் 14.65 மீட்டர் எறிந்தார். தீபாவின் தூரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அவருக்குக் கிடைத்தது வெண்கலம். இருவரும் உட்கார்ந்துதான் எறிந்தார்கள். ஆனால் ராணுவ வீரரான செமா கண்ணிவெடியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இடுப்பு, வயிறு, முதுகு, தோள் எல்லாம் முழுப் பலத்தோடு இருந்தன. தீபாவுக்கு முதுகுத்தண்டுக் கட்டியால் மார்புக்குக் கீழே உடல் செயலிழந்திருந்தது. குண்டு எறிதலில் விசை பிறக்கும் இடம் கை அல்ல. காலில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, உடம்பின் நடுப்பகுதி வழியாக ஏறிக் கடைசியாகத்தான் கைக்கு வருகிறது. அந்த ஓட்டத்தின் முக்கால் பங்கு அறுபட்ட உடலிலிருந்து வந்தது 4.61.

ஆகவே பாரா எறிதல் வீரர் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையை மீட்டரை வைத்து மட்டும் படிக்க முடியாது. எந்த வகுப்பில் எறிகிறார், எந்த நாற்காலியில் எறிகிறார், அவருடைய போட்டி அந்த ஆண்டின் பாராலிம்பிக் போட்டிப் பட்டியலில் இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். கையின் பலம் அதற்குப் பிறகு வருகிறது என்றே நான் சொல்வேன்.

எண்கள் சொல்வது என்ன?

போட்டி முடிவுகளில் ‘எஃப்56’, ‘எஃப்41’ என்று அச்சாகும். ‘எஃப்’ என்பது எறிதல் போட்டிகளைக் குறிக்கும் எழுத்து. அடுத்து வரும் எண்ணின் முதல் இலக்கம் குறைபாட்டின் வகையைச் சொல்கிறது. 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 20 அறிவுசார் குறைபாடு. முப்பதுகளில் பெருமூளை வாதம் போன்ற நரம்பியல் பாதிப்புகள். 40, 41 உயரம் குறைந்தவர்கள். 42 முதல் 46 வரை கை அல்லது கால் பாதிப்போடு நின்று எறிபவர்கள். 51 முதல் 57 வரை உட்கார்ந்து எறிபவர்கள். செயற்கைக் காலோடு எறிபவர்களுக்கு 61 முதல் 64 வரை. ஒரே வரிசைக்குள் எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உட்கார்ந்து எறிபவர்களின் வரிசைதான் நுட்பமானது. கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு அடிபட்டு விரல்களே மூட முடியாதவர் 51இல் இருப்பார். கைகள் நன்றாக இருந்து உடம்பின் நடுப்பகுதி முற்றிலும் செயலிழந்தவர் 54. வயிற்றுத் தசை கொஞ்சம் கைகொடுத்தால் 55. இடுப்பையும் தொடையையும் ஓரளவு அசைக்க முடிந்தால் 56. ஒரு கால் மட்டும் போலியோவால் மெலிந்தவரோ வெட்டப்பட்டவரோ 57. எறியும் பொருளின் எடையும் வகுப்புக்குத் தக்கபடி மாறும். ஆண்களுக்கான வழக்கமான குண்டு 7.26 கிலோ, 57ஆம் வகுப்பில் அது 4 கிலோ. வட்டு 2 கிலோவுக்குப் பதிலாக 1 கிலோ. விரல் மூடாத 51ஆம் வகுப்பினருக்குக் குண்டும் ஈட்டியும் பொருந்தாது என்பதால் ‘கிளப்’ என்ற ஒரு பொருள் உண்டு: 397 கிராம் எடையில், கழுத்து மெலிந்து அடி பருத்த மரக்கட்டை. சிலர் அதை முதுகுப்புறமாகத் தலைக்கு மேல் வீசுவார்கள்.

இந்த வகுப்பை வீரர் தாமே தேர்ந்தெடுக்க முடியாது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ ஒருவரும் விளையாட்டு நுட்பம் அறிந்தவர் ஒருவரும் அடங்கிய குழு, மேசையில் படுக்க வைத்து ஒவ்வொரு தசையாகச் சோதிக்கும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும். பிறகு எறியச் சொல்லிப் பார்க்கும். அதோடு முடிவதில்லை. முதல் போட்டியில் உண்மையாக எறியும்போதும் கவனிப்பார்கள். சோதனை மேசையில் அசையாத இடுப்பு, பதக்க நேரத்தில் அசைந்துவிட்டால் கேள்வி வரும். மாநில, தேசியப் போட்டிகளுக்கு ஒரு வகுப்பு. சர்வதேசப் போட்டிக்கு மறுபடி சோதனை. தேசிய அளவில் 55 என்று பத்து ஆண்டுகள் எறிந்தவரை வெளிநாட்டில் 56 என்று எழுதிவிட்டால், முந்தைய நாள்வரை பதக்கத் தூரமாக இருந்தது மறுநாள் எட்டாவது இடத் தூரமாகிவிடும். உடலில் எதுவும் மாறியிருக்காது.

2021 டோக்கியோவில் இது இந்தியர்களின் கண்ணெதிரே நடந்தது. வட்டு எறிதல் எஃப்52 பிரிவில் வினோத் குமார் 19.91 மீட்டர் எறிந்து மூன்றாவதாக வந்தார். நாடே வாழ்த்தியது. சக போட்டியாளர்கள் அவருடைய வகுப்பைக் கேள்வி கேட்க, மறு ஆய்வு செய்த குழு அவருக்கு அந்த வகுப்பை ஒதுக்க முடியாது என்று சொன்னது. பதக்கம் பறிபோனது. ‘அநியாயம்’ என்று இங்கே பலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பில் ஒருவர் தவறாக அமர்ந்தால் அதே வகுப்பில் சரியாக அமர்ந்த எல்லோருடைய உழைப்பும் வீணாகிறது. ஆனால் பதக்கம் அறிவித்த பிறகு பறிக்கும் நிலைவரை ஒரு விவகாரம் போவது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் சர்வதேசச் சோதனை வாய்ப்புகள் எவ்வளவு அரிதாக இருந்தன என்பதையும் காட்டுகிறது. இந்திய வீரர்கள் பலருக்கு முதல் சர்வதேசச் சோதனையே ஏதோ ஒரு வெளிநாட்டுப் போட்டிக்கு முந்தைய நாள்தான் நடந்திருக்கிறது.

நாற்காலி என்ற கருவி

உட்கார்ந்து எறிபவர் தம் அன்றாடச் சக்கர நாற்காலியிலிருந்து எறிவதில்லை. தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதன் இருக்கை, மேலே போடும் மெத்தையையும் சேர்த்து 75 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. எல்லோரும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நாற்காலி செய்வார்கள். காரணம் இயற்பியல்: எறியும் வேகம் குறைவாக இருக்கும்போது, பொருள் கையை விட்டு விடுபடும் உயரத்துக்கு மதிப்பு கூடுகிறது. 20 மீட்டர் எறிபவருக்குச் சில சென்டிமீட்டர் உயரம் பெரிய விஷயம் இல்லை. 5 மீட்டர் எறிபவருக்கு அதுவே நான்காம் இடத்துக்கும் பதக்கத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசமாக இருக்கலாம்.

சட்டத்தின் முன்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி இருக்கும். எறியாத கை அதைப் பிடிக்கும். இந்தக் கம்பிதான் உட்கார்ந்து எறிபவரின் கால். நின்று எறிபவர் தரையை உதைத்து விசை எடுக்கிறார். இவர் கம்பியை இழுத்தும் தள்ளியும் விசை எடுக்கிறார். வயிற்றுத் தசை இல்லாதவர் பின்னால் சாய்ந்தால் கம்பியின் உதவி இல்லாமல் நிமிரவே முடியாது. பின்னால் சாய்வதும், கம்பியைப் பற்றி ஒரே இழுப்பில் முன்னால் வருவதும், அந்த வேகம் தீர்வதற்குள் பொருளை விடுவதும் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். கம்பி விறைப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. வில்போல வளைந்து உந்தித் தள்ளினால் அது முறைகேடு. பிடிமானம் இல்லாத கை என்றால் அந்தக் கையைக் கம்பியோடு கட்டிக்கொள்ள அனுமதி உண்டு. தொடையும் இடுப்பும் பட்டைகளால் இருக்கையோடு பிணைக்கப்படும். எறியும்போது இருக்கையை விட்டு எழும்பினால் சிவப்புக் கொடி, அந்த வீச்சு செல்லாது.

இவ்வளவும் ஒருவரின் உடலுக்குத் தைத்த சட்டைபோல அளவெடுத்துச் செய்யப்பட வேண்டியவை. கம்பி இரண்டு விரற்கடை தள்ளி நின்றாலும் தோள் தவறான கோணத்தில் திரும்பும். இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள் இருக்கும் சென்னை இது. இரும்பை வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. வீரர், பயிற்சியாளர், பட்டறைக்காரர் மூவரும் ஒரு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்தால் நல்ல நாற்காலி ஒன்று உருவாகிவிடும். ஆனால் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் இன்னொருவருடைய பழைய நாற்காலியில்தான் தொடங்குகிறார். அந்த இன்னொருவரின் உடலுக்குச் சரியாக இருந்த கம்பியில் இவர் தம் பழக்கத்தை அமைத்துக்கொள்கிறார். பிறகு சொந்த நாற்காலி வரும்போது எல்லாவற்றையும் மறந்து மறுபடி கற்க வேண்டியிருக்கிறது.

நாற்காலியைத் தரையோடு பிணைக்கவும் வேண்டும். எறியும் விசையில் சட்டம் அசைந்தால் தூரம் போய்விடும். போட்டி அரங்குகளில் வட்டத்தைச் சுற்றித் தரையில் கொக்கிகள் பதித்து, பட்டைகளை இழுத்து இறுக்குவார்கள். கொக்கி இல்லாத மைதானத்தில் நாலு பேர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், மணல் மூட்டையை ஏற்றி வைப்பதும்தான் பயிற்சி. வட்டத்தைச் சுற்றிச் சில கொக்கிகளை கான்கிரீட்டில் பதிப்பது ஒரு விளையாட்டரங்கின் செலவுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத தொகை. அதைக் கேட்க ஆள் இல்லாததால்தான் அது நடப்பதில்லை.

இந்தக் கட்டும் வேலைக்கு நேரம் பிடிப்பதால், உட்கார்ந்து எறியும் போட்டிகளில் ஒருவர் தம் ஆறு வாய்ப்புகளையும் அடுத்தடுத்து எறிந்து முடித்துவிடுகிறார். நின்று எறிபவருக்கு ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே இளைப்பாறவும் யோசிக்கவும் நேரம் உண்டு, இவருக்கு இல்லை. சில நிமிடங்களில் நான்கு ஆண்டு உழைப்பு தீர்ந்துவிடும். முதலில் எறிந்தவர் பிறகு ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் தம் தூரத்தைத் தாண்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாரிஸில் எஃப்51 கிளப் எறிதலில் இந்திய வீரர் தரம்பிரின் முதல் நான்கு வீச்சுகளும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், தங்கம். நான்கு சிவப்புக் கொடிக்குப் பிறகு அவர் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க அவருக்கே நேரம் இருந்திருக்காது.

தோளும் வெயிலும்

எறிதல் வீரர்களின் வாழ்க்கையை முடித்துவைப்பது பெரும்பாலும் தோள். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு இது இரட்டைச் சுமை. எறியும் தோள்தான் நாற்காலியை உருட்டுகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் உடலைத் தூக்கி வைப்பதும் அதுவே. ஓட்டப்பந்தய வீரருக்குத் தொடைத் தசை கிழிந்தால் ஆறு வாரம் ஓய்வு. இவருக்குத் தோள் போனால் ஓய்வு எடுக்கவே இன்னொருவர் துணை வேண்டும். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் எறியும் எண்ணிக்கையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, தோளின் பின்புறத் தசைகளை வலுப்படுத்துவதில் நேரம் செலவிடுகிறார்கள்.

இன்னொன்று அழுத்தப் புண். முதுகுத்தண்டு பாதித்தவர்களில் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. கடினமான இருக்கையில் பட்டையை இறுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பயிற்சி எடுத்தால் தோல் உரிந்தது தெரியாது. மாலையில் வீட்டில் யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும். சிறு புண் ஆறுவதற்குள் ஒரு பருவம் முழுக்கப் போய்விடும்.

சென்னைக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்வைதான் உடலைக் குளிர்விக்கிறது. அது இல்லாவிட்டால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்கே மற்றவர்களைத் திணற வைக்கும் இந்த ஊரில், 51, 52ஆம் வகுப்பு வீரருக்கு வெயில் சோம்பலுக்கான சாக்கு அல்ல, உயிர் ஆபத்து. ஈரத் துண்டு, தண்ணீர்த் தெளிப்பான், நிழல், விடியற்காலைப் பயிற்சி ஆகியவை அவருக்கு ஆடம்பரம் இல்லை. கையில் வியர்ப்பவர்களுக்கு வேறு சிக்கல்: கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இரும்பு வழுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஆண்டில் நிம்மதியாக எறிய முடிந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சின் முன்பாதியும்தான். 2025இல் 23ஆவது தேசிய பாரா தடகளப் போட்டி சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் பிப்ரவரியில் நடந்தது பொருத்தமான காலம்.

விடியற்காலை என்று எழுதுவது எளிது. எண்ணூரிலோ பல்லாவரத்திலோ இருப்பவர் அந்த அரங்கு இருக்கும் பெரியமேட்டுக்கு ஐந்தரை மணிக்கு எப்படி வருவார்? மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, ஆனால் மெட்ரோ நிலையம்வரை வர வேண்டும். மாநகரத் தாழ்தள பஸ்கள் 2024 முதல் ஓடத் தொடங்கியிருக்கின்றன. எல்லாத் தடத்திலும் இல்லை. புறநகர் ரயிலில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை யாராவது தூக்கிவிட்டால்தான் தாண்ட முடியும். அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்தான் பலருக்கு உண்மையான வண்டி. 57ஆம் வகுப்புக்காரருக்கு அது போதும். 51ஆம் வகுப்புக்காரரால் அதை ஓட்ட முடியாது. ஆக, பாதிப்பு அதிகமானவருக்கு வீட்டில் ஒருவர் தம் வேலையை விட்டுக் கூடவே வர வேண்டும். வகுப்புமுறை மைதானத்துக்குள் உடல்களைச் சமப்படுத்துகிறது. மைதானத்துக்கு வரும் வழியைச் சமப்படுத்த எந்த முறையும் இல்லை.

பட்டியலில் இல்லாத போட்டி

தேவேந்திர ஜஜாரியா சிறுவயதில் மின்கம்பியைத் தொட்டு இடது கையை இழந்தவர், ராஜஸ்தானின் சூரு மாவட்டத்துக்காரர். 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிதலில் 62.15 மீட்டர் எறிந்து தங்கம் வென்றபோது வயது 23. அடுத்த தங்கம் 2016 ரியோவில், 63.97 மீட்டர். நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். காயமா, ஃபார்ம் இழப்பா என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் இல்லை. 2008 பீஜிங்கிலும் 2012 லண்டனிலும் அவருடைய எஃப்46 ஈட்டி எறிதல் பட்டியலிலேயே இல்லை. ஒரு வீரரின் உச்ச வயதான 27உம் 31உம் இப்படிக் கழிந்தன. டோக்கியோவில் 40 வயதில் 64.35 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். மூன்று பாராலிம்பிக் பதக்கங்களிலும் தூரம் ஏறிக்கொண்டே போயிருப்பதைக் கவனித்தால், இழந்த இரண்டு வாய்ப்புகளின் மதிப்பு தெரியும்.

பாராலிம்பிக் தடகளத்தில் ரியோவில் 177 பதக்கப் போட்டிகள் இருந்தன, டோக்கியோவில் 167, பாரிஸில் 164. வகுப்புகள் நிறைய; ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு போட்டியும் நடத்தினால் ஒரு மாதம் ஆகும். எனவே சிலவற்றை நீக்குவார்கள், சிலவற்றை இணைப்பார்கள். ஓர் ஆண்டு வட்டு இருக்கும், குண்டு இருக்காது. இரண்டு வகுப்புகளை இணைத்தால் பாதிப்பு அதிகமான வகுப்பில் இருப்பவர் அடிபடுவார். ஆகவே புத்திசாலியான வீரர் குண்டையும் வட்டையும், அல்லது வட்டையும் ஈட்டியையும் சேர்த்தே கற்கிறார். பட்டியல் வெளியான பிறகு எதில் முழு நேரம் செலவிடுவது என்று முடிவு செய்கிறார். இந்த முடிவை எடுக்கப் பட்டியலைப் படித்து விளக்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

வரலாற்றைப் பார்த்தால் எறிதல்தான் இந்த விளையாட்டின் மூத்த பிள்ளை. முதல் பாராலிம்பிக்கான 1960 ரோம் போட்டிகளில் தடகளம் என்றாலே எறிதல்தான். சக்கர நாற்காலி ஓட்டம் 1964 டோக்கியோவில்தான் வந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டேவில் மருத்துவமனையில், பாராலிம்பிக்குக்கு வித்திட்ட மருத்துவர் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு விளையாட்டையே மருந்தாகக் கொடுத்தார். மிஞ்சியிருந்த கைகளை வலுவாக்க எறிவதைவிட நல்ல வழி இல்லை. இந்தியாவுக்கும் அப்படித்தான். 1984 பாராலிம்பிக்கில் இந்தியா வென்ற நான்கு பதக்கங்களும் எறிதலில் வந்தவை. அவற்றில் மூன்று ஜோகிந்தர் சிங் பேடி என்ற ஒரே மனிதருடையவை. பாரிஸில் தடகளத்தில் கிடைத்த 17 பதக்கங்களில் 9 எறிதலுக்கு.

சோனிபட்டும் சென்னையும்

அந்த ஒன்பதில் ஐந்து ஹரியானாவுக்குப் போயின. ஒன்றுகூடத் தமிழ்நாட்டுக்கு இல்லை. நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பாரிஸில் தமிழகம் நான்கு பதக்கங்கள் வென்றது: உயரம் தாண்டுதலில் மாரியப்பன், பாட்மின்டனில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. 2025 கேலோ இந்தியா பாரா போட்டிகளில் ஹரியானாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆக, எறிதலில் உலக மேடைவரை போகாததற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

எனக்குத் தெரிந்த விடை அமித் சரோஹா. ஹரியானாவின் சோனிபட்டைச் சேர்ந்த ஹாக்கி வீரர். 22 வயதில் கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். கிளப் எறிதலைப் பிடித்துக்கொண்டு 2014, 2018 ஆசியப் பாரா போட்டிகளில் தங்கம் வென்றார். பாராலிம்பிக் பதக்கம் மட்டும் வரவில்லை. ரியோவில் நான்காவது இடம். ஆனால் தாம் கற்றதைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. கால்வாயில் குதித்தபோது அடிபட்டுச் செயலிழந்த தரம்பிரை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்து பயிற்சி கொடுத்தார். பாரிஸ் கிளப் எறிதலில் தரம்பிர் தங்கம், பிரணவ் சூர்மா வெள்ளி. அதே போட்டியில் சரோஹாவும் எறிந்தார், கடைசி இடம். மாணவர் முதல், ஆசிரியர் கடைசி என்ற முடிவுத்தாளை நான் பார்த்ததிலேயே அழகானது என்று தயங்காமல் சொல்வேன்.

தமிழ்நாட்டில் உயரம் தாண்டுதலுக்கு ஒரு மாரியப்பன் கிடைத்தார். 2016இல் அவருக்கு அரசு அறிவித்த 2 கோடி ரூபாயும், 2021இல் தமிழ்நாடு காகித நிறுவனத்தில் கொடுத்த வேலையும், ஊர் ஊராகப் பெற்றோர்களின் மனத்தில் ஒரு கணக்கை மாற்றின. எறிதலுக்கு அப்படி ஒரு முகம் இன்னும் வரவில்லை. உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை: முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை பயணச் செலவுக்குக் கைகொடுக்கிறது, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் ஓரளவு எறியத் தெரிந்த பிறகு கிடைப்பவை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, வகுப்பு தெரியாமல் நாற்காலி இல்லாமல் பயிற்சியாளர் கிடைக்காமல் தடுமாறும் காலத்துக்கு, எந்த விண்ணப்பப் படிவமும் இல்லை.

வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். முந்தைய தலைமுறையில் உட்கார்ந்து எறிந்தவர்களில் பலர் போலியோ பாதித்தவர்கள்; சிறு வயதிலிருந்தே அந்த உடலோடு பழகியவர்கள், உணர்ச்சி குறையாதவர்கள். இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014இல் நாடு போலியோவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று நாற்காலியில் வந்து சேர்பவர்களில் பைக்கில் விழுந்தவர்களும் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்களும் அதிகம். இருபதிலோ முப்பதிலோ திடீரென்று வேறு உடலுக்குள் வந்தவர்கள். அவர்களுக்கு விளையாட்டு தாமதமாகத்தான் தொடங்கும். அதில் நஷ்டம் இல்லை. பதக்கம் வென்றபோது தீபாவுக்கு 45 வயது, செமாவுக்கு 40. ஓட்டப்பந்தயத்தில் மூடிவிடும் கதவு எறிதலில் இன்னும் பதினைந்து ஆண்டுகள் திறந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு இருப்பதை யார் சொல்வது? விபத்துக்குப் பிறகு முதல் ஓராண்டில் அந்த மனிதர் பார்ப்பது மருத்துவர்களையும் பிசியோதெரபிஸ்ட்களையும்தான். வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. சென்னையில் கே.கே.நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நந்தனத்தில் 1920 முதல் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிவரும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது. பிசியோதெரபி படிக்கும் இளைஞர்கள் இந்நகரத்தில் ஏராளம். வகுப்பு பிரிக்கும் குழுவில் உட்கார வேண்டியவர்களும் அவர்களே. தசைப் பலத்தை அளப்பது அவர்களின் அன்றாட வேலை.

மருத்துவமனையில் தசையை அளக்கும் அந்தக் கை, அளந்து முடித்ததும் ‘உங்களுக்கு இது 55ஆம் வகுப்பாக இருக்கலாம், வட்டு எறிந்து பாருங்கள்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. 2024 மார்ச்சில் இந்தியப் பாராலிம்பிக் குழுவின் தலைவராகியிருப்பவர் தேவேந்திர ஜஜாரியா. பட்டியலில் இல்லாத போட்டிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு, தரையில் பதிக்கும் கொக்கியிலிருந்து உள்நாட்டிலேயே சர்வதேச வகுப்புச் சோதனை நடத்துவதுவரை எது ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து அந்தக் கோரிக்கைகளை எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.